நஞ்சுண்டனின் நாய்ப்பல் பூ

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பிரிட்ஜ்வாட்டரில் வீடு வாங்கிய தமிழர்கள் மே மாதம் பிறந்ததும் செய்கிற முதல் வேலை, கொல்லையில் தக்காளி நாற்று வைப்பது. அடுத்தது மிளகாய், கத்தரி, புடலைக்கு ஒரு பந்தல். கோயிலில் சந்தித்துக்கொண்டால் பிள்ளைகளின் படிப்பை விசாரித்த கையோடு புடலங்காயின் நீளத்தையும் விசாரித்துவிடுவார்கள். அந்த ஊரில் தின்ன முடியாத ஒன்றை மண்ணில் நட்டு, அது பூக்கிறதா என்று ஏழு வருஷமாக மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் நஞ்சுண்டன் ஒருவர்தான். அவரை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. அவர் யாரிடமும் அதைக் காட்டியதில்லை.

வயது அறுபத்தொன்று. ஈரோட்டில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகன். இங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஆபீஸ், மூன்று நாள் வீட்டிலிருந்தபடியே வேலை. மனைவி எழிலரசி இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார், ஆனால் கலிபோர்னியாவில் இருக்கிறார். மகள் ஓவியாவின் பிரசவத்துக்கு ஃப்ரீமான்ட் போனவர். "ஆறு மாசங்க, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும்" என்று பெட்டி கட்டினார். அந்த ஆறு மாசத்துக்கு இப்போது ஐந்து வயது. பேத்தி விஷாகா தவழ்ந்தாள், நடந்தாள், டேகேர் போனாள். ஒவ்வொன்றுக்கும் பாட்டி தேவைப்பட்டார். புருஷன் பெண்சாதிக்குள் சண்டை ஏதும் கிடையாது. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் யாராவது வந்து சமாதானமாவது பேசியிருப்பார்கள்.

"ஆன்ட்டி எப்போ வர்றாங்க, அங்கிள்?" என்று கோயிலில் கேட்பவர்களிடம் "சம்மர்ல" என்பார். சம்மரில் கேட்டால் "தேங்க்ஸ்கிவிங்குக்கு" என்பார். பிறகு கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்.

பூ விஷயம் எழிலரசி இங்கே இருந்தபோதே தொடங்கியது. சர்க்கரை ஏறியிருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொல்ல, ஓர் ஏப்ரல் காலையில் வீட்டுக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஓடைக்கரைக் காட்டில் நடந்துகொண்டிருந்தார். மரங்கள் இன்னும் இலை விடவில்லை. காடு முழுக்க மொட்டை. ஆனால் போன வருஷத்துச் சருகுக்கு நடுவே தரையெல்லாம் விரல் நீளத்துக்குப் பச்சை இலைகள், இலை மேல் காபி சிந்தியது போலப் பழுப்புத் திட்டுகள். நூறு இலைக்கு ஒன்று என்கிற கணக்கில் ஒரு மஞ்சள் பூ, தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. இதழ்கள் பின்பக்கமாகச் சுருண்டிருந்தன. முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தரையில் படுத்தால்தான் ஆகும். நஞ்சுண்டன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் படுத்தார்.

ஊன்றுகோலோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று பதறிப்போய், விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டார். அவர்தான் பெயரைச் சொன்னார். டாக்ஸ் டூத் வயலட். வயலட்டும் இல்லை, பல்லும் இல்லை. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு நாய்ப்பல் மாதிரி வெளுப்பாக, கூராக இருக்குமாம், அதனால் அந்தப் பெயர். ஒற்றை இலை விட்டால் பூக்காது. இரண்டு இலை விட்டால்தான் பூ. அந்த இரண்டாவது இலைக்கு ஏழு வருஷம்கூட ஆகும். மரங்கள் இலை விட்டு நிழல் கட்டியதும் மேலே இருப்பதெல்லாம் மாயமாகிவிடும். ஜூன் மாதம் வந்து பார்த்தால் வெறும் மண். காட்டிலிருந்து தோண்டிவிடாதே, நாட்டுச் செடி விற்பவர்களிடம் வாங்கு என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

"நாய்ப்பல்லா? வேற பேரே கெடைக்கலையாமா இவங்களுக்கு?" என்றார் எழிலரசி. நஞ்சுண்டன் பன்னிரண்டு கிழங்கு வாங்கி, வீட்டின் கிழக்குப் பக்கம் ஓக் மரத்தடியில் ஒரு பாத்தி கட்டி நட்டார். அடுத்த ஏப்ரலில் ஒற்றை இலைகள் வந்தன, போயின. அதற்கு அடுத்ததிலும் அப்படியே. எழிலரசி கலிபோர்னியா போன பிறகும் இலைகள் தவறாமல் வந்தன. மண்ணுக்கடியில் கிழங்குகள் வெள்ளை நூல் மாதிரி வேர் ஓட்டி, குட்டி போட்டு, பாத்தி முழுக்கப் பரவிக்கொண்டிருந்தன. மேலே மட்டும் ஒற்றை ஒற்றை இலை.

ஏழாவது ஏப்ரலில் மூன்று செடிகள் இரண்டு இலை விட்டன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி வெயிலில் மூன்றும் பூத்தன. நஞ்சுண்டன் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு, ஆபீஸ் சட்டையோடு ஈர மண்ணில் படுத்து ஒவ்வொரு பூவின் முகத்தையும் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று திரும்பினார். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். ஓவியா ஓர் இதயம் போட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து எழிலரசி "சூப்பர்" என்று எழுதினார். நான்கு நாளில் பூ வாடிவிட்டது. சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டம் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

மே மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டுக்குக் கந்தசாமி வந்து சேர்ந்தார். கொடுமுடிப் பக்கம் மஞ்சள் விவசாயி, அறுபத்தெட்டு வயது. மகன் வீட்டுக்கு விசிட்டர் விசாவில் வந்தவர், தனியாகத்தான் வந்திருந்தார். "நாலு எருமை நிக்குதுங்க. ரெண்டு பேரும் கெளம்பிட்டா அதுகளை ஆரு பாக்கறது?" என்று மனைவி வராததற்குக் காரணம் சொல்வார். மகனும் மருமகளும் எட்டு மணிக்குக் காரில் கிளம்பிப் போனதும் கராஜ் கதவைத் திறந்து, மடக்கு நாற்காலி போட்டு, வேட்டியோடு தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். தெருவில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. எப்போதாவது ஒரு பார்சல் வண்டி வரும்.

மூன்றாம் நாள் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்த நஞ்சுண்டனைப் பார்த்து, "ஏனுங்க, தமிழுங்களா?" என்றார்.

"ஈரோடுங்க."

"அட சாமி!" என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

அன்றிலிருந்து பத்து மணிக்கு நஞ்சுண்டன் வீட்டில் டீ. புல்தரையைக் குறுக்கே கடந்து வந்து, செருப்பை வெளியே விட்டு, "தம்பி" என்று குரல் கொடுப்பார். இவர் "வாங்ணா" என்பார். இவருக்குச் சர்க்கரை இல்லாத டீ, அவருக்கு மூன்று ஸ்பூன். பேச்சுக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை. "ஏனுங்க தம்பி, இந்த ஊர்ல புல்லை வளத்தி வளத்தி வெட்டிக் குப்பையில போடறாங்களே, ஒருத்தர் வீட்டுலயும் எருமை இல்லீங்களா?" என்று ஒருநாள் கேட்டார். நஞ்சுண்டன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான், இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. ஆபீஸ் போக வேண்டிய இரண்டு நாளில் ஒரு நாளை ஏதேதோ காரணம் சொல்லி வீட்டிலேயே இருந்து கழித்தார்.

எல்லாம் பேசினார்கள், பூவைத் தவிர. தப்பு எங்கே தொடங்கியது என்று கேட்டால் இங்கேதான் கையைக் காட்ட வேண்டும். கந்தசாமி வரும்போதே இலைகள் பழுத்துவிட்டன; ஜூன் மாதம் பாத்தி வெறும் மண். ஏக்கர் கணக்கில் மஞ்சள் போடுகிற மனிதரிடம் காலி மண்ணைக் காட்டி, இதற்குள் என் பூ தூங்குகிறது என்று சொன்னால் என்ன நினைப்பார்? நஞ்சுண்டனுக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

ஜூலையில் விஷாகாவின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஃப்ரீமான்ட் போனார். பத்து நாள். கருவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்படி கந்தசாமியிடம் சொல்லிவிட்டுப் போனார். அங்கே மகள் வீட்டில் அவர் விருந்தாளி. டம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருந்தது. ஒருநாள் பேத்தி அவர் போனை நோண்டி அந்தப் பூப் படத்தை எடுத்துவிட்டாள். நாய்ப்பல் பூ என்று பெயரைச் சொன்னார்.

"தாத்தா, இஸ் இட் ஃப்ரம் எ ரியல் டாக்?"

அவர் கதையைச் சொன்னார். கிழங்கு, ஒற்றை இலை, ஏழு வருஷம், எல்லாவற்றையும் சொன்னார். விஷாகா பாட்டியிடம் ஓடி, "ஐ வான்ட் டு ஸீ இட்" என்று பிடித்துக்கொண்டாள். எழிலரசி படத்தை அன்றைக்குத்தான் முதல் முறையாக நிதானமாகப் பார்த்தார். "நெஜமாவே அழகாத்தாங்க இருக்கு. ஏப்ரல்ல இவளுக்கு ஸ்பிரிங் பிரேக் வருதுல்ல, கூட்டிட்டு வர்றேன். அப்ப பூத்துருக்குமில்ல?"

"பூத்துருக்கும்" என்றார் நஞ்சுண்டன். ஐந்து வருஷத்தில் எழிலரசி தானாக வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது விமானத்தில் ஐந்தரை மணி நேரமும் அவர் படம் பார்க்கவில்லை, கண்ணை மூடவுமில்லை. எந்த அறையில் பேத்தியைப் படுக்க வைப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் வீடு வந்து சேர்ந்தார். கந்தசாமி கிழக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பெட்டிய அப்புறம் வைங்க தம்பி. மொதல்ல இங்க வாங்க."

ஓக் மரத்தடிப் பாத்தி ஒரு அடி ஆழத்துக்குக் கொத்தப்பட்டு, மண் மாவாக உதிர்ந்து கிடந்தது. கயிறு பிடித்த மாதிரி நேராக மண்ணை உயர்த்திக் கட்டிய மூன்று பார். இந்தியக் கடையில் வாங்கிய மஞ்சள் கிழங்குகளை அதில் நட்டு, தண்ணீர் விட்டு, மேலே சருகும் பரப்பியிருந்தார்.

"நெழல்தான். ஆனா மஞ்சளுக்கு இந்த நெழல் போதுமுங்க. நெலம் சும்மா கெடக்குதேன்னு பாத்தேன். தெனமும் உங்க கையில டீ குடிக்கறேன், என்னால ஆனது. ஆனா தம்பி, உங்க மண்ணுல கோரை பூந்திருச்சுங்க! தோண்டத் தோண்ட வருது. வெள்ளை வெள்ளையா நூல் உட்டு, கெழங்குக்குக் கெழங்கு கோத்துக்கிட்டு. நம்மூரு கோரை வாசமடிக்கும், இது அடிக்கல. அமெரிக்காக் கோரை போலன்னு நெனச்சேன். களைக்கொத்து இல்ல, சமையல்கட்டுக் கத்தியிலயே மூணு நாளா ஒண்ணு விடாம நோண்டி எடுத்துட்டேன். அங்க பாருங்க."

சிமெண்ட் நடைபாதையில் ஜூலை வெயிலில் நாய்ப்பல் கிழங்குகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கொடுமுடிப் பக்கம் வயலைக் காடு என்பார்கள். மஞ்சள் காட்டில் கோரை விழுந்தால் விளைச்சலே போய்விடும். ஒரு கிழங்கு தப்பினாலும் மறுபடி காடு முழுக்க வந்துவிடும். அதனால் எடுத்த கோரையை வெயிலில் சுக்காகக் காய வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஐம்பது வருஷம் மண்ணில் கிடந்த மனிதர் ஒன்றையும் விடவில்லை. இந்தக் கிழங்குக்கு ஈரம் போனால் உயிர் போய்விடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"நாலு நாளாச்சு, நல்லாக் காஞ்சிருச்சு. இனிப் பொழைக்காது" என்றார் பெருமையாக.

நஞ்சுண்டன் ஒரு கிழங்கை எடுத்து அழுத்தினார். உள்ளே ஒன்றுமில்லாமல் நசுங்கியது. அதன் பிறகு அவர் வாயிலிருந்து வந்ததை அவரே பின்னால் பலமுறை திரும்பக் கேட்டுக்கொண்டார்.

"யாரைக் கேட்டு இந்த மண்ணுல கை வச்சீங்க? இது கோரையில்லைங்க! ஏழு வருஷம்! ஏழு வருஷமாக் காத்துக் கெடந்து இந்த வருஷந்தான் பூத்துது. என் சம்சாரம் அஞ்சு வருஷம் கழிச்சு இதைப் பாக்கத்தான் ஏப்ரல்ல வர்றேன்னு சொல்லியிருக்கா. எல்லாத்தையும் கொன்னு காயப் போட்டுட்டு நிக்கறீங்களே! இது என்ன உங்க காடா?"

கந்தசாமியின் கையில் மண் ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "தப்புங்க தம்பி" என்றார். "பூச்செடின்னு தெரியலீங்க. அம்மிணிகிட்ட நான் வேணா பேசட்டுங்களா? எம்மேலதான் தப்புன்னு சொல்றேன்."

"நீங்க பண்ணினதே போதும்."

மறுநாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கந்தசாமி பாத்தியில் குந்தியிருந்தார். நட்ட மஞ்சளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் போட்டார். அப்புறம் காய்ந்த கிழங்குகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்து, கொஞ்சமாவது கெட்டியாக இருந்ததை மட்டும் எடுத்து மண்ணுக்குள் வைத்து மூடினார். வெகுநேரம் ஆயிற்று. எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓக் மரத்தில் சாய்ந்து நின்றார். நஞ்சுண்டன் கீழே இறங்கிப் போகவில்லை. கோபம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் அதற்குள் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை ரோஷம் பிடித்து வைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து பத்து மணிக்கு யாரும் வரவில்லை. மடக்கு நாற்காலி கராஜுக்குள் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய்விட்டது. செப்டம்பரில் கந்தசாமி ஊருக்குக் கிளம்பினார். மகன் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருக்க, அவர் புல்தரை ஓரம் வரை வந்து, நஞ்சுண்டன் வீட்டு வாசலைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றார். நஞ்சுண்டன் மாடியில் மீட்டிங்கில் இருந்தார். அந்த மீட்டிங்கில் அவர் பேச வேண்டியது எதுவுமே இல்லை. கார் போய்விட்டது.

நடந்ததை எழிலரசியிடம் அவர் சொல்லவில்லை. ஆழத்தில் தப்பிய கிழங்கு ஒன்றிரண்டு இருக்கும், கந்தசாமி திருப்பி வைத்ததில் ஒன்றாவது பிழைக்கும் என்று குளிர்காலம் முழுக்கக் கணக்குப் போட்டார். பனியில் நின்று, பாத்தி இருந்த அந்த வெள்ளைச் சதுரத்தை வெறித்துப் பார்த்தார். பார்த்து என்ன ஆகப் போகிறது, கால்தான் விறைத்தது.

ஏப்ரல் முதல் வாரம் மூன்று இலைகள் முளைத்தன. மூன்றும் தனித்தனியாக, ஒற்றை இலைகள். இரண்டாவது இலை வருமா என்று ஒரு வாரம் மண்டியிட்டுப் பார்த்தார். வரவில்லை. இனி மறைக்க முடியாது. காலையில் எழிலரசியைக் கூப்பிட்டார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"இந்த வருஷம் பூ வராது போல இருக்கு எழில்."

"அப்படியா?" என்றார் எழிலரசி. பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப அடுத்த வருஷம் பாத்துக்கலாங்க. நானும் சொல்லணும்னு இருந்தேன், இவளுக்கு ஸ்விம்மிங் கிளாஸ் வேற மிஸ் ஆகும். நல்லதாப் போச்சு. சாப்டீங்களா?"

"சாப்டேன்."

பூ இல்லாவிட்டால் என்ன, நீங்கள் இருக்கிறீர்களே என்று ஒரு வார்த்தை வரும் என்று அவர் காத்திருந்திருக்கிறார். போனை வைத்த பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது. எழிலரசியைக் குறை சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. பூவைக் காட்டித்தானே கூப்பிட்டார். பூவும் இல்லாமல், அழைப்பும் இல்லாமல், அவரைப் பார்ப்பதற்காகவே புல்தரையைத் தாண்டி நடந்து வந்தவர் ஒருவர்தான். அவரிடம்தான் இது உங்க காடா என்று கேட்டார். நஞ்சுண்டன் சமையலறையில் நின்றபடியே அழுதார். அறுபத்திரண்டு வயதில் சத்தம் போட்டு அழ முடிந்தது, கேட்க ஆள் இல்லாததால்.

மணி பத்து. கொடுமுடியில் இரவுச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். போனில் கந்தசாமியின் எண் இருந்தது. தினமும் காலை வணக்கப் படம் வந்துகொண்டிருந்த எண்; ஜூலையோடு படம் வருவது நின்றுபோனது. அழுத்தினார், அந்தப் பக்கம் மணி அடித்தது. ஜன்னலுக்கு வெளியே மூன்று ஒற்றை இலைகளும் தெரிந்தன.

"ஆருங்க?"

"அண்ணா, நஞ்சுண்டன் பேசறேன். பிரிட்ஜ்வாட்டர்."

கந்தசாமி நன்றாயிருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்டது இதைத்தான்.

"தம்பி... பூத்துதுங்களா?"

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார் நஞ்சுண்டன். அந்தக் குரலைக் கேட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. ஒன்பது மாதமாக அந்த மனிதர் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

"பூத்துதுங்ணா" என்றார். "மூணு. நல்ல மஞ்சளா."

"அப்பாடா!" கந்தசாமி போனை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு யாரிடமோ கத்தினார். "ஏ புள்ள, பூத்துருச்சாமா! மூணு பூவாமா!" மறுபடி போனுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. "வெசனமாவே இருந்துதுங்க தம்பி. காஞ்சதுல உசுரு இருக்குமோ இருக்காதோன்னு. சோறு எறங்கல சில நாளு. அம்மிணி வந்தாங்களா? பாத்தாங்களா?"

"வந்தாங்ணா. பேத்தியும் வந்திருக்கா."

"ஒரு வார்த்தை பேசறேன், குடுங்களேன்."

நஞ்சுண்டன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"சம்சாரம் வெளிய இருக்காங்ணா. தரையில படுத்துட்டுப் பூவைப் பாத்துட்டு இருக்கா. கூப்புட்டா எந்திரிக்க மாட்டேங்கறா."

"பாக்கட்டும், பாக்கட்டும். தொந்தரவு பண்ணாதீங்க" என்றார் கந்தசாமி.